எரிச்சல் இல்லாத தீவு

2025 யூலை 15, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி இருபது நிமிடம். கச்சான் காற்று மூன்றாவது நாளாக விடாமல் வீசிக்கொண்டிருந்தது. மண்டபத்தின் மேற்குப் பக்க யன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தும், கதிரைகளில் விரல் வைத்துப் பெயர் எழுதும் அளவுக்குப் புழுதி. வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

நீங்கள் எல்லோரும் அங்கே இருந்தீர்கள். நம் முதியோர் சங்கக் கூட்டம். இருபத்தாறு பேர் வந்திருந்தோம்; நான்கு பேர் உறங்கினார்கள், யார் யார் என்று சொல்ல மாட்டேன். பேச வந்த இளம்பெண் வெள்ளைப் பலகையில் கலை, இயற்கை, சேவை என்று ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினார். பிறகு நம் பக்கம் திரும்பி, "முழுசா வாழ வேணும் எண்டு உங்களத் தூண்டினது எது? ஒரு சொல்லில சொல்லுங்க பாப்பம்" என்றார். ஒருவர் கடல் என்றார். ஒருவர் செபம் என்றார். இரண்டு பேர் பேரப்பிள்ளை என்றார்கள். என் முறை வந்தது.

"எரிச்சல்" என்றேன்.

அந்தப் பிள்ளை மிகுந்த அக்கறையோடு குனிந்து, "வயித்தெரிச்சலா ஐயா? சாப்பாட்டுக்கு முதல் குளிசை போடுறீங்களா?" என்று கேட்டார். நீங்கள் சிரித்தீர்கள். உறங்கியவர்களும் எழும்பிச் சிரித்தார்கள். இதை எழுதுவதற்கு ஒரே காரணம் அந்தச் சிரிப்புத்தான். நான் சொன்னது சரியான சொல். அது எப்படி என்று எழுதிக் காட்டுகிறேன்.

எரிச்சல் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரன் கூரைக்கு ஓடு போட்டால் நமக்கு வருகிற பொறாமை அது. அந்தச் சொல்லுக்கு இன்னொரு பொருளும் உண்டு என்பதை என் வீட்டில் எல்லோருமே ஒரு கச்சான் காலம் முழுக்க மறந்திருந்தோம்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாவற்குடாவில், ஆற்றங்கரைக்குக் கிட்ட, அம்மாவின் வீடு. வாவி என்று எழுதுகிறோம். வாயால் சொல்வது ஆறு என்றுதான். அதே வளவில், கிணற்றுக்கு அந்தப் பக்கம், அம்மாவின் தங்கையான என் சின்னம்மாவுக்கு ஒரு வீடு யன்னல் மட்டம் வரை எழும்பி நின்றது. பெண்ணுக்கு வீடு கட்டிவிட்டுத்தான் நம் பக்கத்தில் மாப்பிள்ளை பார்ப்பார்கள். சின்னம்மாவுக்கு இருபத்திரண்டு வயது. நில அளவைக் கந்தோரில் வேலை செய்யும் ஒருவரைப் பேசி வைத்திருந்தார்கள். கூரை ஏறினால் கலியாணம்.

அந்த மாசியில் அம்மாவுக்கு ஒரு பெண்குழந்தை பிறந்தது. அதோடு அம்மா எனக்கு இல்லாமல் போனார். என் பாயையும் தலையணையையும் நாற்பத்தேழு மாபிள் குண்டுகளையும் தூக்கிக்கொண்டு நான் சின்னம்மாவின் பக்கம் குடிபெயர்ந்தேன். தங்கச்சியின் தொட்டிலைக் காலால் உதைத்தால் அம்மா கத்துவார்: "இஞ்ச பாருங்க, எரிச்சல் புடிச்ச பொடியன் என்ன செய்யிறான் எண்டு!" சின்னம்மா கத்த மாட்டார். என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வார். அவரில் தேங்காயெண்ணெயும் பழைய தோலும் கலந்த ஒரு வாசம் இருக்கும். தோல் வாசம் அவருடைய ஆர்மோனியப் பெட்டியின் துருத்தியில் இருந்து வருவது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் மெதடிஸ்த கோயிலில் பாட்டுக்கு வாசிப்பது அவர்தான்.

ஆனால் சின்னம்மாவை முழுசாக வைத்திருப்பது கஷ்டமான காரியம். துணி காயப்போடப் போவார். ஆற்றில் நட்டிருந்த ஒரு தடியில் நீர்க்காகம் ஒன்று சிறகை விரித்துக்கொண்டு நின்றால், பிழிந்த துணி கையில் சொட்டச் சொட்ட அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். நான் சேலையைப் பிடித்து இழுப்பேன். "பொறு மனே, அது இன்னும் காயல்ல" என்பார். துணியைச் சொல்கிறாரா காகத்தைச் சொல்கிறாரா என்று தெரியாது. ஒரு நீர்க்காகத்தின் மேல் எரிச்சல்பட்ட ஆள் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

ஆற்றின் நடுவில் இருந்த தீவு ஆஸ்பத்திரியை நீங்கள் அறிவீர்கள். தொழுநோய் என்று இப்போது எழுதுகிறோம். அன்று பெருவியாதி என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். எங்கள் போதகர் வந்து, தீவில் ஓர் ஆராதனை, பாட்டுக்கு யாராவது பெட்டி வாசிக்க வந்தால் நல்லது என்று சொன்னார். ஒரு சனிக்கிழமை மட்டும் என்றுதான் பேச்சு. சின்னம்மா போனார். அடுத்த சனிக்கிழமையும் போனார். அதற்கடுத்த சனிக்கிழமை யாரும் கேட்காமலே தலையைப் பின்னிக்கொண்டு புறப்பட்டார். ஆஸ்பத்திரித் தோணிக்காரர் கரைக்கு வந்து பெட்டியைத் தூக்கி வைப்பார். "தங்கச்சி, இந்தப் பெட்டிக்கு ஒராள் காசு கேக்கணும். என்ட பொஞ்சாதியவிடப் பாரம்" என்பார். பிறகு பெட்டி அங்கேயே தங்கிவிட்டது. சின்னம்மா வெறுங்கையோடு போய் வந்தார்.

திரும்பி வரும்போது அவரில் தோல் வாசம் இல்லை. ஆஸ்பத்திரிச் சவர்க்கார வாசம். வாய்க்குள் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும். இராச் சாப்பாட்டுக்குப் பிறகு எனக்குக் கதை சொன்னவர், இப்போது அம்மாவுக்குத் தீவைச் சொன்னார். அங்கே தமிழர், சோனகர், சிங்களவர் எல்லோரும் ஒரே வரிசையில் இருந்து பாடுகிறார்களாம். பால்பேணிகளில் பூக்கன்று வளர்க்கிறார்களாம். ஒருவருக்குப் பதினாறு பறவைகளின் சத்தம் போடத் தெரியுமாம். நான் பாயில் படுத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எண்ணி எரிந்துகொண்டிருப்பேன். எனக்கு ஒரு பறவையின் சத்தமும் தெரியாது.

அப்படி ஒரு நாள்தான் சின்னம்மா அந்தச் சொல்லைச் சொன்னார்.

"அங்க உள்ள ஆக்களுக்கு எரிச்சல் எண்டதே இல்லக்கா."

அம்மா குழந்தைக்கு விசிறிக்கொண்டே பெருமூச்சு விட்டார். "எல்லாத்தையும் உட்டுட்டுப் போன ஆக்களுக்கு இனி என்ன எரிச்சல்? நல்ல சனம்."

"அதான் எனக்குப் பயமா இரிக்கு" என்றார் சின்னம்மா.

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. நான் வாங்கினேன், ஆனால் பிழையாக. எரிச்சலே இல்லாத மனிதர்கள் ஒரு தீவு நிறைய இருக்கிறார்கள். அதனால்தான் சின்னம்மா அங்கே போகிறார். எரிச்சல் புடிச்ச பொடியனை யார் விரும்புவார்கள்? அடுத்த கிழமை முழுவதும் நான் எரிச்சல் இல்லாமல் இருக்கப் பழகினேன். தங்கச்சியின் தொட்டிலை ஆட்டினேன். மாபிள்களில் பத்தைப் பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் கொடுத்தேன். நல்ல பத்தைத்தான் கொடுத்தேன். சனிக்கிழமை காலையில் சின்னம்மா முன் போய் நின்று, "இப்ப எனக்கும் எரிச்சல் இல்ல" என்றேன். அவர் திடுக்கிட்டு என் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளங்கையைக் கிள்ளினார். நான் கத்தினேன். "நல்லா இரிக்கு உனக்கு" என்று என் தலையில் குட்டிவிட்டுத் தோணிக்குப் போய்விட்டார். பத்து மாபிள் போனது போனதுதான்.

ஐந்தாவதோ ஆறாவதோ சனிக்கிழமைக்குப் பிறகு, அம்மா சின்னம்மாவின் சோற்றுக் கோப்பையை மற்றவற்றோடு கழுவாமல் கிணற்றடிக் கல் ஒன்றின் மேல் தனியாகக் கவிழ்த்து வைத்தார். நீலக் கரை போட்ட எனாமல் கோப்பை. அதற்குப் பக்கத்தில் தனியாக ஒரு குவளை. கொடியில் தனியாக ஒரு துவாய். கையில் அகப்பட்ட கோப்பையில் எல்லோரும் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு மட்டும் இவ்வளவு சொந்தச் சாமான்! எனக்குத் தாங்கவில்லை.

"எனக்கும் தனிக் கோப்பை வேணும்" என்று நிலத்தில் உருண்டேன்.

அம்மா என் முதுகில் ஒன்று வைத்தார். பிறகு கிணற்றுக் கட்டில் இருந்துகொண்டு அவரே அழத் தொடங்கினார். அப்பா பேப்பரைப் புரட்டினார். சின்னம்மாதான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"குடுங்கக்கா, அவனுக்கும் ஒண்டு குடுங்க. ரெண்டையும் ஒரே கல்லுல கவுத்து வைப்பம்."

"உனக்குப் பகிடி! நாளைக்கு இந்தப் புள்ளையளுக்கு ஒண்டு வந்தா?"

"வந்தா நான் பாப்பன்."

அதற்கடுத்த நாள் பெரியமாமா வந்தார். அம்மாவுக்கும் சின்னம்மாவுக்கும் மூத்த அண்ணன். வவுணதீவில் வயல் செய்தார். நம் குடும்பங்களில் தாய்மாமன் சொன்னால் சொன்னதுதான், அப்பா எல்லாம் பேப்பர் படிக்கும் ஆட்கள். சைக்கிளைப் பூவரசில் சாத்திவிட்டு, தலையில் இருந்த கச்சான் புழுதியைத் தட்டாமலே தொடங்கினார்.

"புள்ள, ஊர் என்ன பறையுதெண்டு தெரியுமா உனக்கு? மாப்புள வீட்டார் ஆளனுப்பிக் கேக்காங்க. அந்தத் தீவுல ஆர் இரிக்கான்?"

"நாப்பத்திமூணு பேர் இரிக்காங்க அண்ணன்."

"பகிடி உடாத. வியாதிக்காரரப் பாக்க ஆரும் கிழமைக்குக் கிழமை தலை பின்னிப் பூ வெச்சிட்டுப் போவாங்களா?"

"பூ அவங்க வளத்தது. வெச்சிட்டுப் போனாத்தான் அவங்களுக்குச் சந்தோசம்."

பெரியமாமாவுக்கு அது விளங்கவில்லை. எனக்கு நன்றாக விளங்கியது. நான் ஆற்றங்கரையில் பொறுக்கிக் கொடுத்த சிப்பிகளை அவர் ஒருநாளும் தலையில் வைத்ததில்லை.

கூரை ஏறிக் கலியாணம் முடியும் வரை சின்னம்மா ஆற்றுப் பக்கமே போகப்படாது என்று தீர்ப்பு. அன்று எனக்கு வந்த சந்தோசத்தை இந்த வயதில் மறைத்து என்ன கிடைக்கப்போகிறது? திருநாள் போல இருந்தது.

நான்கு சனிக்கிழமைகள் சின்னம்மா என்னோடு இருந்தார். தாயம் விளையாடினோம். நான் இரண்டு கட்டம் கூடுதலாக நகர்த்தினாலும் அவர் அதைக் காணவில்லை. மரமுந்திரிப் பழம் பிழிந்து தந்தார், உப்புப் போட மறந்தார். பெட்டி தீவில் இருந்ததால் வீட்டில் பாட்டும் இல்லை. ஒரு நீர்க்காகம் வந்து நின்றது. நானே கூப்பிட்டுக் காட்டினேன். "ஓம், நிக்குது" என்றார். அவ்வளவுதான். எனக்குக் கிடைத்தது சின்னம்மாவின் உடம்பு. மற்றது எங்கே என்று தெரியவில்லை. தன் கைகள் இரண்டையும் முகத்துக்கு நேரே தூக்கி, முன்னும் பின்னுமாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருப்பார். அம்மா அதைக் கதவிடுக்கால் கண்டு நெஞ்சில் கை வைத்தார். தோலில் தழும்பு தேடுகிறார் என்று நினைத்தார். அது தழும்பு தேடியதில்லை என்பது எனக்கே பிறகுதான் தெரிந்தது.

ஐந்தாவது சனிக்கிழமை, காலை பத்து மணி இருக்கும். வேலிக்கு வெளியே தோணிக்காரர் வந்து நின்றார். உள்ளே வரவில்லை, வரச் சொல்ல மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

"தங்கச்சி! பெட்டியத் திருப்பிக் கொண்டு தரவா எண்டு கேட்டு வரச் சொன்னாங்க."

சின்னம்மா தேங்காய் துருவிக்கொண்டிருந்தார். "பாட்டெல்லாம் எப்பிடி?"

"என்ன பாட்டு? ஆளுக்கொரு பக்கம் இழுக்காங்க. இப்ப அதுவும் இல்ல." தோணிக்காரர் தலையைச் சொறிந்தார். "தேத்தண்ணி ஊத்துற மூத்தவருக்கு இடக்கையில ரெண்டு விரல் எடுத்துட்டாங்க. புண் வந்து பழுத்திருக்கு. மருந்து கட்டுற ஆக்களுக்குத் தெரியாம சால்வைக்குள்ள ஒளிச்சு வெச்சிருந்திருக்கார். அவருக்கு நோவும் இல்ல, என்ன செய்யிற?"

சின்னம்மா துருவலையை விட்டு எழும்பினார். கையில் தேங்காய்ப் பூ. தலை பின்னவில்லை, பூவும் இல்லை. நேராக வேலியைத் தாண்டி நடந்தார். அம்மா குழந்தையோடு வாசலுக்கு வந்து, "எங்ககா போறாய்? அண்ணனுக்கு நான் என்ன சொல்ற?" என்று கத்தினார். நான் பின்னால் ஓடினேன். அனுதாபத்தில் ஓடியதாக யாரும் நினைக்க வேண்டாம். விரல் எடுத்த ஒருவருக்காக இப்படி ஓடுகிறாரே, எனக்கு அம்மை போட்டபோது இப்படி ஓடினாரா என்று பார்க்கத்தான் ஓடினேன்.

"மனே, நீ எங்க?" என்றார் தோணிக்காரர்.

"சின்னம்மாவோட."

சின்னம்மா திரும்பிப் பார்க்கவேயில்லை. நான் ஏறி இருந்துவிட்டேன். தோணி தள்ளப்பட்டது.

கண்ணா மரங்களின் கால்கள் தண்ணீரில் நின்றன. அதற்குப் பின்னால் வெள்ளைச் சுவர், பால்பேணிகளில் நிறைய நிறமாகப் பூக்கள். கூடத்தில் எங்களுக்கு முன்பே ஆட்கள் கூடிவிட்டார்கள். தோணியில் இரண்டு தலை தெரிந்ததும் செய்தி ஓடிவிட்டது. நான் பயப்படத் தயாராக வந்திருந்தேன். பயப்படும்படி ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்கு மூக்கு அமுங்கியிருந்தது, சிலர் கோலூன்றி நின்றார்கள், எல்லோரும் சின்னம்மாவைப் பார்த்து ஒரே நேரத்தில் பேசினார்கள். தேத்தண்ணி மூத்தவர் மட்டும் பின்னால் நின்றார். இடக்கையில் பெரிய கட்டு.

"ஏன் ஒளிச்சீங்க?" என்றார் சின்னம்மா.

"நீங்க வரல்ல. பிறகு ஆருக்குக் காட்டுற?"

அந்தச் சொல்லுக்கு நான் எரிந்ததுபோல என் வாழ்நாளில் எதற்கும் எரிந்ததில்லை.

சின்னம்மா பெட்டியின் முன் இருந்து துருத்தியை அமுக்கினார். பாட்டுத் தொடங்கியது. அவரே கட்டிய பாட்டு, கோயிலில் கேட்டதில்லை.

"ஆறு வெளுத்திச்சு, வெயில் ஏறிச்சு,
இரிக்கிற விரலெல்லாம் எடுத்துக் காட்டு!"

இரண்டாவது அடி வந்ததும் எல்லோரும் கைகளை மேலே தூக்கினார்கள். உள்ளங்கை அவர் பக்கம். பாட்டு மடங்கியதும் கைகளைத் திருப்பினார்கள், புறங்கை அவர் பக்கம். விரல் இல்லாதவர்கள் இல்லாத கையையும் தூக்கினார்கள். ஒருவர், "நமக்கு ரெண்டரைதான் இரிக்கு தங்கச்சி" என்று கத்த, எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அது சாமிக்கு முன்னால் கை தூக்குவதுபோல இருந்தது. என் சின்னம்மாவை இவர்கள் கும்பிடுகிறார்கள், அவரும் அதை வாங்கிக்கொண்டு இருக்கிறார்! அவருடைய விரல்கள் கட்டைகளில் ஓடின. கண் மட்டும் கட்டையில் இல்லை. வரிசை வரிசையாக, கை கையாக நகர்ந்தது. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் எண்ணுகிறவன் நான் ஒருவன்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

பாட்டு முடிந்ததும் தேத்தண்ணி வந்தது. மூத்தவர் ஒரு தகரப் பேணி நிறைய ஊற்றி, நல்ல வலக்கையால் ஏந்திப் பிடித்துக்கொண்டு, ஒரு துளி சிந்தாமல் கூடம் முழுக்க நடந்து வந்து என் முன் நீட்டினார். "குடி மனே. தூரத்துல இருந்து வந்திருக்காய்."

வாங்கினேன். அடுத்த கணம் அலறினேன். பேணி நிலத்தில் உருண்டது, என் உள்ளங்கை நெருப்பாக எரிந்தது. அவ்வளவு சூடு. அந்தச் சூட்டைத்தான் அவர் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு கூடம் முழுக்க நடந்து வந்திருந்தார்.

சின்னம்மா பாய்ந்து வந்தார். என்னிடம் இல்லை, அவரிடம். கையைப் பிடித்து விரித்துப் பார்த்தார். சிவந்து பொங்கியிருந்தது. பக்கத்தில் இருந்த வாளிக்குள் அந்தக் கையை அமுக்கினார். மூத்தவர் தன் கையைத் தானே யாரோ ஒருவருடைய கையைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"பேணி எனக்கு ஒண்டும் சொல்லல்லையே" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "இந்தப் பொடியன நம்மளோட வெச்சிக்கொள்ளுவம். சுட்டாக் கத்துறான்" என்றார். மறுபடி சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. நான் கையை உதறிக்கொண்டு அழுதுகொண்டு நின்றேன். எல்லோரும் என்னையே பார்த்தார்கள்.

"எரியுதா மனே?" என்று மூத்தவர் கேட்டார்.

"ஓம்."

"எப்பிடி எரியுது?"

எப்படிச் சொல்வது? கொச்சிக்காய் அரைத்துப் பூசினது போல என்றேன். எறும்பெல்லாம் ஒரே நேரத்தில் கடிப்பது போல என்றேன். உள்ளே ஏதோ துடிக்கிறது, இப்போது மணிக்கட்டு வரைக்கும் வருகிறது என்றேன். நான் சொல்லச் சொல்லப் பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி நின்று கேட்டார்கள். கதை கேட்பதுபோலக் கேட்டார்கள்.

"குடுத்து வெச்சவன்" என்றார் மூத்தவர். அதில் பகிடி இருக்கவில்லை. அது என்ன முகம் என்று எனக்குத் தெரியும். தொட்டிலைப் பார்க்கும்போது நான் வைத்திருந்த அதே முகம்.

திரும்பி வரும்போது, வாளித் தண்ணீரில் நனைத்த துணி என் கையில் சுற்றியிருந்தது. சின்னம்மாவின் எதிரே இருந்து கேட்டேன்: "அவங்க ஏன் உங்களுக்குக் கையத் தூக்குறாங்க? நீங்க சாமியா?"

"சாமியோ!" அவர் களைத்துப்போய்ச் சிரித்தார். "சுட்டாலும் தெரியா, வெட்டினாலும் தெரியா மனே அவங்களுக்கு. ஆராவது நாளாந்தம் பாக்கணும். காட்டச் சொன்னா வெக்கத்துல ஒளிப்பாங்க. பாடச் சொன்னாக் காட்டுவாங்க. நான் இல்லாட்டியும் கை தானாத் தூக்குற மாதிரி, ஒரு நாளைக்கு நாலு தரம் வாற மாதிரி இன்னொரு பாட்டுக் கட்டணும். அதத்தான் வீட்டுல இருந்து கையத் திருப்பித் திருப்பிப் பாத்தன்."

"அப்ப எரிச்சல் இல்ல எண்டு சொன்னது..."

"இதத்தான். வேற என்ன நெனச்சாய்?"

நான் ஆற்றைப் பார்த்தேன். தோணிக்காரர் துடுப்பை நிறுத்தி ஒரு நீர்க்காகத்தைக் காட்டினார். சின்னம்மா அதை விழுங்குவதுபோலப் பார்த்தார். போனது எல்லாம் அவருக்குத் திரும்பி வந்திருந்தது.

கரையில் அம்மா நின்றார். என்னை வேப்பிலைத் தண்ணீரில் மூன்று தரம் குளிப்பாட்டினார். சுட்ட கையைத் தேய்த்தபோது நான் போட்ட கூச்சலில் அடுத்த வளவில் இருந்து ஆட்கள் வந்தார்கள். மறுநாள் பெரியமாமா வந்தார். மாப்பிள்ளை வீட்டார் ஒதுங்கிக்கொண்டார்கள் என்ற செய்தியையும் கொண்டு வந்தார். இதோடு சின்னம்மா அழுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரியில ஒரு வேலை இரிக்காம் அண்ணன். அங்கேயே தங்கலாம். நான் ஓம் எண்டுட்டன்" என்றார்.

"அப்ப இந்த வீடு? ஆருக்குக் கட்டினது இது?"

"அக்காட மகளுக்குக் குடுங்க."

தொட்டிலில் கிடந்தவளுக்கு ஒரு வீடு கிடைத்தது. அதையும் நான் குறித்துக்கொண்டேன்.

அவர் புறப்பட்ட காலையில் நான் பூவரசடியில் வழிமறித்தேன். "உங்களுக்கு என்னவிட அவங்களத்தானே கூட விருப்பம்?"

இல்லை மனே, உன்னைத்தான் கூட விருப்பம் என்று சொல்வார் என்று நினைத்தேன். எல்லாப் பெரியவர்களும் அப்படித்தானே சொல்வார்கள். சின்னம்மா உடுப்புப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். யோசித்ததுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

"ஓம் மனே" என்றார். "அங்க இரிக்கக்குள்ள நான் முழுசா இரிக்கன். உனக்கு எரியும் எண்டு தெரியும். அதுக்காகப் பொய் சொல்லேலா."

அதற்குப் பிறகு மாதத்தில் ஒரு தரம் வந்தார். சில வருடங்கள் மரமுந்திரியடியில் இருந்து தனிக் கோப்பையில் சாப்பிட்டார். பிறகு அம்மாவே உள்ளே கூப்பிட்டார். தோணி ஓடிய நாட்களிலும், யுத்தத்தில் ஓடப் பயந்த நாட்களிலும் அங்கேயே இருந்தார். எழுபத்தொரு வயதில் இறந்தார். அடக்க ஆராதனையில் பேசியவர் தியாகம் என்ற சொல்லைப் பதினொரு தரம் சொன்னார். நான் எண்ணினேன். ஒவ்வொரு தரமும் எழும்பிப் பிழை என்று சொல்ல வாய் வந்தது. அவர் எதைத் தியாகம் செய்தார்? பாட்டு, பறவை, தன்னை எதிர்பார்த்துத் தூக்கிய கைகள், எல்லாவற்றையும் வாரி எடுத்துக்கொண்டு போனவர் அவர். முப்பத்தாறு வருடம் கந்தோரில் மற்றவர்களின் கணக்கைக் கூட்டிக் கழித்தவன் நான். அப்பாவும் அம்மாவும் மாமாவும் அவர் வாழ்க்கையை வீணாக்கினார் என்று நினைத்துக்கொண்டே செத்தார்கள். தியாகத்தைப் பார்த்து யாருக்காவது எரிச்சல் வருமா? எனக்கு அறுபத்தெட்டு வருடமாக வருகிறது. அதுதான் அத்தாட்சி.

இனி நம் விடயத்துக்கு வருகிறேன்.

எனக்குச் சீனி வருத்தம் என்கிற நீரிழிவு இருப்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு வருடம் உள்ளங்கால் எரிந்தது. பிறகு அந்த எரிச்சல் நின்றது. சுகம் வந்துவிட்டது என்று சந்தோசப்பட்டேன். இந்த வைகாசியில் என் மகள் வீட்டுத் தரையில் இரத்தக் கறையைக் கண்டு, எங்கே இருந்து வந்தது என்று தேடி, கடைசியில் என் பாதத்தில் இருந்து வீடு கூட்டும் தும்புக்கட்டையின் கம்பி ஒன்றைப் பிடுங்கினாள். எவ்வளவு நேரம் அது அங்கே இருந்தது என்று அவள் கேட்டாள். எல்லாவற்றையும் எண்ணுகிற நான் அதை எண்ணவில்லை. எனக்கு அது ஒன்றும் சொல்லவில்லை.

அதனால்தான், நீங்கள் சிரித்த அந்தக் கூட்டத்துக்கு அடுத்ததாக நடந்த போன கூட்டத்துக்கு, நான் ஒரு பெட்டியோடு வந்தேன். நம்மில் பதினெட்டுப் பேருக்குச் சீனி வருத்தம், விசாரித்து வைத்திருந்தேன். ஆளுக்கொரு கைக்கண்ணாடி. காலைத் தூக்கி மறு முழங்காலில் போட்டு, கண்ணாடியைக் கீழே பிடித்து, உள்ளங்காலைப் பார்க்க வேண்டும், நாள்தோறும். குனிய முடியாதவருக்குப் பக்கத்தில் இருப்பவர் பார்க்க வேண்டும். நீங்கள் முதலில் வெட்கப்பட்டீர்கள், காலை வேட்டிக்குள் இழுத்துக்கொண்டீர்கள். இந்த வயதில் சபையில் கால் தூக்குவதா என்று ஒருவர் கேட்டார். அப்போது நம்மில் ஒருவரான இளைப்பாறிய சங்கீத ரீச்சர், யாரும் கேட்காமலே, பாதத்தைப் பற்றி ஏதோ இரண்டு அடி கட்டிப் பாடத் தொடங்கினார். எல்லோரும் சிரித்தீர்கள். எல்லோரும் காலைத் தூக்கினீர்கள். இரண்டு பேரின் காலில், அவர்களுக்கே தெரியாமல், புண் இருந்தது. அன்றே ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்.

பிறகு எல்லோரும் ரீச்சரைச் சுற்றி நின்று, என்ன குரல், என்ன யோசனை என்று பாராட்டினீர்கள். கண்ணாடி யார் வாங்கியது என்று ஒருவரும் கேட்கவில்லை. எனக்கு எரிந்தது. நெஞ்சில், நடுவில், நல்ல சூடாக. அந்த இடம் இன்னும் சாகவில்லை.

யாரும் கேட்காததால் நானே எழுதுகிறேன். கண்ணாடி பதினெட்டு, ஒன்று நூற்றுத் தொண்ணூறு ரூபாய் வீதம் மூவாயிரத்து நானூற்று இருபது. ஏறாவூர்க் கடைக்குப் போய்வர ஓட்டோ நானூறு. வழியில் உடைந்த ஒன்றுக்குப் பதில் வாங்கியது நூற்றுத் தொண்ணூறு. மொத்தம் நாலாயிரத்துப் பத்து ரூபாய்.